பெஞ்சுக்கு நடுவில் ஒரு கம்பி

(வேலூரில் 34 வருஷம் கட்டட பிளான் வரைந்து ஓய்வு பெற்றவர். தெரு, பூங்கா, பஸ் ஸ்டாப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மாதம்தோறும் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் பகுதியில் புதிதாக ஸ்டீல் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் நடுவில் ஒரு வளைந்த கம்பி. கை வைக்கவும் உயரம் போதவில்லை. எதற்கு இது?
*ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சாயிநாதபுரம்*

அய்யா, அது கை வைக்க இல்லை. யாரும் படுக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. பில்லில் மட்டும் 'ஆர்ம் ரெஸ்ட்' என்று மரியாதையாக எழுதுவோம்.

'எழுதுவோம்' என்றுதான் சொல்ல வேண்டும். நானே ஒன்று வரைந்து கொடுத்திருக்கிறேன். ஒரு வணிக வளாகத்தின் முன்வாசலில் கிரானைட் திண்டு. "ராத்திரியில ஆள் படுக்காத மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுங்கம்மா" என்றார் உரிமையாளர். இரண்டடிக்கு ஒரு கம்பி போட்டுக் கொடுத்தேன். ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அப்புறம் என் வீட்டுக்காரரை ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து பதினோரு நாள் கூட இருக்க வேண்டி வந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வார்டில் இருக்க விடமாட்டார்கள். வராந்தாவில் மூன்று பேர் உட்காரும் இரும்பு நாற்காலி, நடுவில் ரெண்டு கம்பி. ஒருக்களித்துப் படுத்தால் ஒரு கம்பி விலாவில் குத்தும், இன்னொன்று முழங்காலில். மூன்றாவது ராத்திரி தரையில் நியூஸ்பேப்பர் விரித்துவிட்டேன். நம் டிராயிங்கை நம் விலாவிலேயே படித்த மாதிரி இருந்தது.

நம் ஊர் விஷயம் வேறு. 1900ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்து, அது சிஎம்சி என்ற பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்த ஊர் இது. இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டு வங்காளியில் இருக்கிறது, கடைக்காரர் இந்தியில் விலை சொல்கிறார். ஊர் இவ்வளவு மாறியும், எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர் உட்கார இடம் எங்கே? கடைப் படிதான்.

வில்லியம் வைட் என்று ஓர் அமெரிக்கர். 1970களில் நியூயார்க்கின் பெரிய கட்டடங்களுக்கு முன்னால் இருக்கும் திறந்தவெளிகளில் கேமரா வைத்து, எது நிரம்புகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்று பார்த்தார். வருஷக்கணக்கில் பார்த்துக் கண்டுபிடித்தது என்னவென்றால், உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள்! என் பாட்டி இதை இலவசமாகவே சொல்லியிருப்பாள். ஆனால் பாட்டி சொன்னால் சட்டம் மாறாது. அங்கே 1975ல் மாறியது: அப்படி முன்வெளி விட்டால் அதில் இருக்கையும் போட வேண்டும். அவர் இன்னொன்றும் கவனித்தார். ஒரு அடியிலிருந்து மூன்று அடி வரை எந்த உயரத்தில் கட்டை இருந்தாலும் மனிதன் உட்கார்ந்துவிடுவான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் டேப்போடு காந்தி ரோட்டுக்குப் போனேன். ஒரு மருந்துக் கடைப் படி ஒண்ணேகால் அடி. விளிம்பு முழுக்கக் கூரான இரும்புப் பல். பக்கத்துக் கடையில் படியை அடைத்துப் பூந்தொட்டி. அதற்கடுத்த டீக்கடைக்காரர் பதறி வெளியே வந்தார். "இன்னாம்மா அளந்துனு கீறீங்க? ரோட்ட பெருசாக்கப் போறாங்களா?" இல்லைப்பா, உன் படியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று பார்க்கிறேன் என்றேன். "உக்காந்தா உக்காரட்டும், டீ குடிப்பாங்கல்ல" என்றார். அந்த வரிசையில் பல்லும் தொட்டியும் இல்லாத படி அவருடையதுதான்.

கேள்வி: நடைபாதையில் நடுவே மஞ்சள் டைல்ஸ் எதற்கு? அழகுக்கா?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

பார்வையில்லாதவர்களுக்குத் தம்பி. நீட்டுக் கோடு இருந்தால் நேராக நட. புள்ளி புள்ளியாக இருந்தால் நில், முன்னால் ரோடோ படியோ இருக்கிறது. கைத்தடிக்கும் தெரியும், செருப்புக் காலுக்கும் தெரியும். கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்காகத்தான் மஞ்சள் நிறம். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் யோசித்தது. 1967ல் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் முதன்முதலில் பதித்தார்கள்.

நீங்கள் கேட்டது நியாயம்தான். நான் போன மாதம் அந்த மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன், அது நேராக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் போய் முட்டியது. பதித்தவருக்கும் அழகு என்றுதான் தோன்றியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பூங்கா சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் 12 வயது மகள் போக மாட்டேன் என்கிறாள். "அங்க பசங்கதான் இருக்காங்க" என்கிறாள். சொல்லிப் புரியவைத்து அனுப்பலாமா?
*ஒரு தாய், குடியாத்தம்*

அனுப்பாதீர்கள். அவள் சொல்வது சரி.

உங்கள் பெண்ணுக்கு ஐரோப்பாவிலும் தோழிகள் இருக்கிறார்கள். வியன்னாவில் 1990களில் பூங்காக்களைக் கவனித்தபோது, ஒன்பது பத்து வயது வரை பையன்களும் பெண்களும் சேர்ந்து வருகிறார்கள், அதற்குமேல் பெண் பிள்ளைகள் மட்டும் குறைந்துபோகிறார்கள் என்று தெரிந்தது. பிள்ளைகளைத் திருத்தப் போகாமல் பூங்காவைத் திருத்தலாம் என்று முடிவு செய்தார்கள். 1999ல் இரண்டு பூங்காக்களை எடுத்துக்கொண்டு, பெரிய மைதானத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார்கள். வாலிபாலுக்கும் பேட்மின்டனுக்கும் இடம், நடைபாதை, விளக்கு. பெண்கள் திரும்பி வந்தார்கள். யாரும் பையன்களை விரட்டவில்லை.

உங்கள் பூங்காவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், சரியா பாருங்கள். ஒரே ஒரு கேட். அதற்குப் பக்கத்திலேயே பைக் நிறுத்தி நாலு பேர் சாய்ந்திருப்பார்கள். உள்ளே ஒரே மைதானம், அதில் மூன்று கிரிக்கெட் ஆட்டம் ஒன்றுக்குள் ஒன்று நடக்கும். பெஞ்சுகள் எல்லாம் சுவரோரம் வரிசையாக, கல்யாண மண்டபம் மாதிரி. கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொல்வார்கள்.

அந்த கேட்டைத் தாண்டுவதுதான் 12 வயதுப் பெண்ணுக்குக் கஷ்டம். நாலு ஜோடிக் கண்ணுக்கு நடுவே போக வேண்டும், வேண்டாம் என்றாலும் அதே வழியில்தான் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கச் சுவரில் மூன்றடிக்கு ஒரு வழி திறந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். பேட்மின்டன் கோர்ட்டுக்கு 44 அடிக்கு 20 அடி போதும், ஒரு வீட்டு மனை அளவு. நேர் பெஞ்சுக்குப் பதில் ட வடிவத்தில் ரெண்டு பெஞ்சு சேர்த்துப் போட்டால் நாலு பெண்கள் முகம் பார்த்துப் பேசலாம். பேசுவதுதான் அந்த வயதில் விளையாட்டு. ஆனால் பிளானில் 'விளையாடும் இடம்' என்று எழுதும்போது நாம் பந்தை மட்டும்தான் நினைக்கிறோம்.

வேலூர் வந்தால் ஞாயிறு சாயங்காலம் கோட்டை அகழி ஓரப் புல்வெளிக்கு மகளை அழைத்து வாருங்கள். பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கட்டுச்சோறு வாசனை வரும். பர்தா போட்ட அக்காக்கள் ஒரு வட்டம், நர்ஸிங் படிக்கும் பெண்கள் ஒரு வட்டம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு, கிராமத்துப் பெண்கள் ஆண் துணை இல்லாமல் சேர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதை நான் அதிகம் பார்க்கிறேன். இந்த இடத்தை யாரும் இவர்களுக்கென்று வடிவமைக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், எந்தப் பக்கமும் எழுந்து போகலாம். கூடவே சோளம் சுடும் அம்மா ஒருத்தர் எட்டு மணி வரை அங்கேயே இருப்பார். எவனாவது ரெண்டாவது முறை சுற்றி வந்தால், "இன்னாடா வோணும் உனக்கு?" என்று விசிறியை நீட்டுவார். அந்தக் குரலுக்கு எந்த டிராயிங்கிலும் சிம்பல் கிடையாது.

கேள்வி: நடைபாதை நடப்பதற்கா, கடை போடுவதற்கா? ஒரு பக்கம் நில்லுங்கள்.
*வாசகர், சத்துவாச்சாரி*

மேலே சொன்ன சோளக்கார அம்மா பக்கம் நிற்கிறேன். முழங்கால் வலியோடு நடப்பவள் என்பதால் உங்கள் பக்கமும் ஒரு கால்.

2014ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இதைச் சண்டையாக விடாமல் கணக்காக்கப் பார்த்தது. முதலில் கணக்கெடுப்பு, அப்புறம் சான்றிதழ், அதற்கப்புறம்தான் எங்கே கடை, எங்கே கூடாது என்ற பேச்சு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இதற்கான குழுவில் பத்தில் நாலு பேர் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். லாங் பஜாரில் பூக்கட்டும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "குழுவுக்குப் போனா யார் பூ கட்டறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கேள்வி: திண்ணை வைத்த வீடுகள் போனதோடு மனிதர்கள் பேசிக்கொள்வதும் போய்விட்டது. புது வீடுகளுக்குத் திண்ணையைக் கட்டாயமாக்கினால் என்ன?
*வாசகர், ஆரணி*

உங்கள் கடிதம் படித்து எனக்கும் கொசப்பேட்டைத் தாத்தா வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. சிவப்புச் சிமென்ட், வெயில் காலத்திலும் ஜில்லென்று இருக்கும். அதில் பகலில் என் அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டு வேலைக்கு வந்த அம்மா கீழே தெருவில் நின்றுதான் காப்பி வாங்கிக் குடிப்பார், அதுவும் தனி டம்ளரில். எல்லோரும் பேசிக்கொண்டார்கள் என்கிறீர்கள். திண்ணையில் இடம் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாவும் தாத்தா மாதிரி ஒருவரும் தோளோடு தோள் உட்கார்ந்ததை முதன்முதலில் டவுன் பஸ் சீட்டில்தான் பார்த்தேன். அதனால் திண்ணைக்காக நான் ரொம்ப அழுவதில்லை.

அது எப்படிப் போனது என்று வேண்டுமானால் சொல்கிறேன், கண்ணெதிரே பார்த்தவள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிளானில் வீட்டு முன்பக்கம் 'வராந்தா' என்று எழுதுவேன். கொஞ்ச வருஷத்தில் அதே கட்டத்துக்குள் 'போர்ட்டிகோ' என்று எழுதினேன். கடைசிப் பத்து வருஷம் 'கார் பார்க்கிங்'. அதே ஒன்பதடிதான் அகலம். பேர்தான் மாறியது, உட்கார்ந்திருந்த ஆளும்தான்.

சட்டமெல்லாம் வேண்டாம். காம்பவுண்ட் சுவர் கட்டும்போது, உங்கள் மனைக்குள்ளேயே ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டி, வெளிப்பக்கம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்டு விடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விட்டிருக்கிறார்கள். காலையில் ஸ்கூல் வேனுக்கு நிற்கும் பிள்ளைகள், பத்து மணிக்குக் கீரைக்காரம்மா, மத்தியானம் உணவு டெலிவரி பண்ணும் பையன் போனைப் பார்த்துக்கொண்டு. கால்வாய் மேல் மட்டும் நீட்டிவிடாதீர்கள். அது ஆக்கிரமிப்பு, அப்புறம் என் பேரைச் சொல்வீர்கள்.

கேள்வி: என் மனைவி சக்கர நாற்காலியில் இருக்கிறார். எங்கே போனாலும் ராம்ப் இருக்கிறது, ஆனால் ஏற முடிவதில்லை. சரியான அளவு என்ன?
*வாசகர், ராணிப்பேட்டை*

ஒன்றுக்குப் பன்னிரண்டு. தரை ஒரு அடி உயரம் என்றால் ராம்ப் 12 அடி நீளம். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது சறுக்குமரம்.

எங்கள் அம்மாவை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன், பேர் வேண்டாம். தரை ரெண்டடி உயரம், ராம்ப் ஏழடி. நானும் வாட்ச்மேனும் தள்ளி ஏற்றினோம், திரும்பும்போது நாற்காலி எங்கள் கையை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டது. ஷேர் ஆட்டோக்காரர் பிரேக் போட்டதால் அம்மா பிழைத்தார். முறையாக 24 அடி வேண்டும். இடம் இல்லை என்றால் பன்னிரண்டு அடி ஏறி, நடுவில் சமதளம் விட்டு, மடக்கி இன்னும் பன்னிரண்டு அடி. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்துக்கும் பொருந்தும். அதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, தரை ஏன் ரெண்டடி உயர்ந்தது என்பது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புது ரோடு போடுவார்கள். ஒவ்வொரு முறையும் மூன்று நாலு அங்குலம். நாலு தடவை போட்டால் ஒரு அடி. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அடுத்து வீடு கட்டுபவர் "எதுக்கும் ரெண்டடி தூக்கிடுங்கம்மா" என்பார். தூக்குவேன். தூக்கினால் நாலு படி வேண்டும், படி தெருவுக்கு வரும். பைக் ஏற்ற ஒரு சிமென்ட் சரிவு, அதுவும் தெருவுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, அவர் ரெண்டரை அடி தூக்குவார். கடைசியில் நடக்கிறவர் இந்தப் படிகளையும் சரிவுகளையும் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடுவே நடப்பார். ஆக்கிரமிப்பு என்று வீட்டுக்காரரைத் திட்டுகிறோம். ஆரம்பம் ரோட்டில் இருக்கிறது.

ரோடு போடுவதில் நாங்கள் உலகப் புகழ் பெற்றவர்கள் என்பது உங்களுக்கே தெரியும். 2022ல் ராத்திரி நிறுத்திவிட்டுப் போன பைக்கின் சக்கரங்களையும் சேர்த்து சிமென்ட் ரோடு போட்ட ஊர். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் 2016லேயே இடம் பிடித்தவர்கள் வேறு. அந்த பைக் போட்டோவை என் தம்பி துபாயிலிருந்து எனக்கே அனுப்பினான்.

கேள்வி: மூன்று வருஷம் முன் வாங்கிய மனை. லேஅவுட் படத்தில் பச்சை வண்ணத்தில் 'பார்க்' என்று இருந்த இடத்தில் இப்போது கல் நடுகிறார்கள். என்ன செய்யலாம்?
*வாசகர், ஆம்பூர்*

விற்கும்போது கொடுத்த வழவழ நோட்டீஸைத் தூக்கி ஓரமாக வையுங்கள். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம், அனுமதித்த லேஅவுட் படத்தின் நகல் வேண்டும், அனுமதி எண்ணோடு. 2019 கட்டட விதிகளின்படி லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல் என்றால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைவிடச் சின்ன லேஅவுட் என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு; அப்படிக் கட்டியிருந்தால் உங்கள் பச்சை வண்ணம் வெறும் வண்ணம்.

அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அது பொது நிலம், விற்றது செல்லாது. உடனே நகராட்சி கமிஷனருக்கோ பஞ்சாயத்துக்கோ எழுத்தில் மனு, கலெக்டருக்கு ஒரு நகல். தனியாகப் போகாதீர்கள், பத்து வீட்டுக்காரராகப் போங்கள். அதுவரை அந்த இடத்தை வெறுமனே விடாதீர்கள். காலியாகக் கிடந்தால் கல் முளைக்கும். சாயங்காலம் பிள்ளைகளை விளையாட அனுப்புங்கள், நாலு வேப்பங்கன்று வையுங்கள், மாடு வைத்திருப்பவரை அங்கே கட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நீங்கள் வரைந்ததில் இன்னும் அப்படியே நிற்பது எது அம்மா?
*வாசகி, வாலாஜாபேட்டை*

நல்ல கேள்வி, கொஞ்சம் சங்கடமான கேள்வியும். முதல் பதிலில் சொன்ன கிரானைட் திண்டைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். திண்டு நிற்கிறது, கடைகள்தான் மாறிவிட்டன. அஞ்சு கம்பி வரைந்தேன், மூன்றுதான் இருந்தது. நடுவில் ரெண்டைக் காணோம். அடியோடு அறுத்து, கையில் கீறாதபடி அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஆறடி நீளம், ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும். நன்றாகச் செய்த வேலை.

யார் அறுத்தது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். மேலே கீழே பார்த்தார். "நீங்க யாரும்மா, ஓனர் வூட்டு ஆளா?" இல்லை, நான்தான் அந்தக் கம்பியை வரைந்தவள் என்றேன்.

"நைட் டூட்டிம்மா எனக்கு" என்றார்.